அணுகுண்டைக் கைவிட்டது ஏன்? பன்னாட்டு அரசியலில் ஒரு விளக்கக் கோட்பாட்டைக் கட்டும் முறை

பன்னாட்டு உறவுகளில் முதல் தீசிஸ் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டாம் அத்தியாயத்துக்கு ‘கோட்பாட்டுச் சட்டகம்’ என்று பெயர் வைத்து, துறையின் மூன்று பெரிய சிந்தனைப் பள்ளிகளை எடுத்து, யதார்த்தவாதத்துக்குப் பத்துப் பக்கம், தாராளவாதத்துக்குப் பத்துப் பக்கம், கட்டமைவுவாதத்துக்குப் பத்துப் பக்கம் எழுதுவார்கள். மூன்றாம் அத்தியாயம் தொடங்கியதும் அந்த முப்பது பக்கத்தை எழுதியவரே மறந்துவிடுவார். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) “உங்கள் கோட்பாடு என்ன?” என்று கேட்டால், “நான் யதார்த்தவாதத்தைப் பயன்படுத்தியிருக்கிறேன்” என்று பதில் வரும். ஊர் எது என்று கேட்டால் மாவட்டத்தின் பெயரைச் சொல்வது போன்ற பதில் அது.

விளக்கக் கோட்பாடு என்பது மூன்று நான்கு வாக்கியத்தில் அடங்க வேண்டும். எது நடக்கிறது, எதனால் நடக்கிறது, அந்தக் காரணம் எந்த வழியாக அந்த விளைவைக் கொண்டுவருகிறது, எங்கே இது செல்லாது. இவ்வளவுதான். இதைக் கட்ட முழுநேரமாக உட்கார்ந்தால் ஐந்து, ஆறு மாதம் ஆகும். பணம் அதிகம் வேண்டாம். எங்கே செலவாகும் என்பது ஆறாம் படியில் இருக்கிறது.

1. தலைப்பைக் கேள்வியாக மாற்றுங்கள் (2 வாரம்)

“இந்திய–சீன உறவுகள்: ஒரு பார்வை” என்பது தலைப்பு. அதை வைத்துக்கொண்டு கோட்பாடு கட்ட முடியாது. உங்களுக்கு வேண்டியது ‘ஏன்’ என்ற கேள்வி, அந்தக் கேள்விக்குள் ஒரு வேறுபாடு. ஓரிடத்தில் நடந்தது, இன்னோரிடத்தில் நடக்கவில்லை. அல்லது அதே நாட்டில் நேற்றுவரை நடக்காதது இன்று நடந்தது. வேறுபாடு இல்லாத கேள்விக்கு எந்தக் காரணத்தைச் சொன்னாலும் பொருந்திவிடும்.

இந்தக் கட்டுரை முழுவதும் ஒரே கேள்வியை வைத்துக் காட்டுகிறேன். தென்னாப்பிரிக்கா 6 அணுகுண்டுகளைச் செய்து முடித்து, ஏழாவதில் கைவைத்திருந்த நிலையில், அத்தனையையும் பிரித்துப் போட்டது. தானே செய்த அணுகுண்டுகளை முழுவதுமாகக் கைவிட்ட நாடு இன்றுவரை அது ஒன்றுதான். பாகிஸ்தானும் வட கொரியாவும் தடைகளைத் தாங்கிக்கொண்டு வைத்திருக்கின்றன. தென்னாப்பிரிக்கா மட்டும் ஏன் விட்டது?

பொறி: “இந்தியா என்ன செய்ய வேண்டும்?” என்ற கேள்வி இதற்குள் நுழைந்துவிடும். அது கொள்கைக் கேள்வி. வேறு கட்டுரைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

2. எதை விளக்குகிறீர்கள் என்று வரையறுங்கள் (2 வாரம்)

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் நான்காம் மாதத்தில் முதலிலிருந்து தொடங்குகிறார்கள். ‘கைவிடுதல்’ என்றால் என்ன?

உக்ரைன் கைவிட்டது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். சோவியத் யூனியன் கலைந்தபோது அதன் மண்ணில் சுமார் 1,900 தொலைதூர அணுவெடிமுனைகள் இருந்தன. 1994 டிசம்பர் 5-இல் பாதுகாப்பு உறுதிமொழிக்கு ஈடாகக் குண்டுகளை விடும் புடாபெஸ்ட் ஒப்பாவணம் கையெழுத்தானது, 1996 ஜூனில் கடைசி வெடிமுனை ரஷ்யாவுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் அவற்றை ஏவும் கட்டுப்பாடு மாஸ்கோவின் கையில் இருந்தது. சாவி இல்லாத பெட்டியைத் திருப்பிக் கொடுப்பதும், சொந்தப் பெட்டியை உடைப்பதும் ஒன்றா? லிபியா 2003 டிசம்பர் 19-இல் திட்டத்தை விடுவதாக அறிவித்தது. அதனிடம் கருவிகள் இருந்தன, வரைபடம் இருந்தது, குண்டு இல்லை.

ஆக, மூன்று வெவ்வேறு விளைவுகள்: செய்த குண்டை உடைப்பது, வந்து சேர்ந்த குண்டைத் திருப்புவது, செய்யத் தொடங்கியதை நிறுத்துவது. மூன்றையும் ‘கைவிடல்’ என்ற ஒரே சாக்கில் போட்டால் உங்கள் காரணம் எதுவாக இருந்தாலும் பாதி நேர்வுகளில் (ஆராய எடுக்கும் நாடுகளில்) ஓட்டை விழும். எதை எடுக்கிறீர்கள், எதை விடுகிறீர்கள் என்பதை ஒரு பத்தியில் எழுதி, எக்செலில் ஒரு தாள் திறந்து, நாடு, ஆண்டு, எந்த வகை, என்ன ஆதாரம் என்று நான்கு நெடுவரிசைகள் போடுங்கள். ‘ஆதாரம்’ நெடுவரிசையைக் காலியாக விட்டு நகராதீர்கள்.

வரையறை எவ்வளவு தூரம் முடிவை மாற்றும் என்பதற்குப் போர் ஆய்வில் ஓர் எடுத்துக்காட்டு. ‘கோரிலேட்ஸ் ஆஃப் வார்’ தரவுத்தொகுப்பு 1,000 போர்க்கள மரணங்கள் இருந்தால்தான் போர் என்று ஏற்கும். உப்சாலா பல்கலைக்கழகத்தின் தரவு, ஆண்டுக்கு 25 மரணம் இருந்தாலே ஆயுத மோதல் என்று பதியும். 1999 கார்கிலில் இந்தியத் தரப்பு அரசுக் கணக்கு 527. பாகிஸ்தான் தரப்பின் எண்ணிக்கை இன்றும் சர்ச்சையில் இருக்கிறது. அந்த ஓர் எண்ணை எப்படி ஏற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து, கார்கில் ‘போர்’ ஆகும், அல்லது ஆகாது. இந்தியா, பாகிஸ்தான் இரண்டையும் ஜனநாயக நாடுகளாகக் கொண்டால், “ஜனநாயக நாடுகள் தமக்குள் போரிடுவதில்லை” என்ற வாதத்துக்கு அது இடையூறாக நிற்பதும் நிற்காததும் அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது.

3. எதிராளிகளின் விளக்கங்களை முதலில் எழுதுங்கள் (3 வாரம்)

உங்களுடையதை எழுதும் முன், ஏற்கெனவே இருக்கும் விளக்கங்களை அவரவர் ஒத்துக்கொள்ளும் அளவுக்கு வலுவாக எழுதுங்கள். தென்னாப்பிரிக்காவுக்கு நான்கு உண்டு.

ஆபத்து குறைந்தது: அங்கோலாவில் இருந்த க்யூபப் படைகளையும் அவற்றின் பின்னால் இருந்த சோவியத் யூனியனையும் நினைத்துத்தான் குண்டு செய்தார்கள், அந்த ஆபத்து போனதும் குண்டுக்கு வேலையில்லை.

வாரிசு பற்றிய அச்சம்: பெரும்பான்மை ஆட்சி வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது, ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் கையில் குண்டு போவதை வெள்ளையர் அரசு விரும்பவில்லை.

உலகத்துக்குத் திரும்பும் தேவை: தனிமையும் தடைகளும் பொருளாதாரத்தை நெரித்தன, திரும்பி வர விலை கொடுக்க வேண்டியிருந்தது.

தலைவர்: 1989-இல் டி கிளார்க் அதிபராக வந்தார், செய்தார்.

இவற்றைப் பெயரோடு நிறுத்தாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் சங்கிலி எழுதுங்கள்: ஆபத்து குறைகிறது, அதை அமைச்சரவை உணர்கிறது, குண்டின் பயனைவிடச் செலவு கூடுதல் என்று கணக்கிடுகிறது, உத்தரவு பிறக்கிறது. சங்கிலியில் ஒரு கண்ணிக்கு யார், எந்த அலுவலகத்தில், எதைச் செய்தார் என்று சொல்ல முடியவில்லை என்றால் அங்கே காரணம் இல்லை, வெறும் உடனிகழ்வுதான் இருக்கிறது. “அரசு நினைத்தது” என்று எழுதிய ஒவ்வொரு இடத்தையும் சிவப்பில் வட்டமிடுங்கள். அரசு நினைக்காது. யாரோ ஒருவர் குறிப்பு எழுதியிருப்பார்.

4. எது கிடைத்தால் கோட்பாடு சாகும் என்று ஆவணம் திறக்கும் முன்பே எழுதுங்கள் (2 வாரம்)

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள்.

ஒவ்வொரு விளக்கத்துக்கும் இரண்டு வரி. முதல் வரி: இந்தச் சான்று இல்லாவிட்டால் விளக்கம் விழுந்தது. இரண்டாம் வரி: இந்தச் சான்று இருந்தால் மற்ற மூன்றும் தடுமாறும். இரண்டும் வேறு வேறு. ‘ஆபத்து குறைந்தது’ என்பது சரியென்றால், உத்தரவு ஆபத்து குறைந்த பிறகு வந்திருக்க வேண்டும். இது முதல் வகை. உத்தரவு பிறகு வந்திருந்தால் விளக்கம் பிழைக்கும், ஜெயித்ததாகாது. ஏனென்றால் மற்ற விளக்கங்களுக்கும் அதே தேதி பொருந்தலாம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: பிழைத்ததை நிரூபணமாக எழுதிவிடுகிறார்கள்.

‘வாரிசு அச்சம்’ உண்மையென்றால் குண்டு மட்டும் இல்லை, குண்டு செய்யும் பொருளும் வாரிசின் கைக்குக் கிடைக்காதபடி செய்திருக்க வேண்டும். இப்படி ஒரு கோட்பாடு மட்டும் எதிர்பார்க்கிற, மற்றவை எதிர்பார்க்காத ஒன்றைக் கண்டுபிடிப்பதுதான் உண்மையான வேலை. இரண்டு வாரம் போதவில்லை என்றால் மூன்றாக்கிக்கொள்ளுங்கள்.

எழுதி முடித்ததும் தேதி போட்டு உங்கள் கைடுக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். பின்னால், “கிடைத்ததைப் பார்த்துவிட்டுக் கோட்பாட்டை வளைத்தீர்களா?” என்று யாராவது கேட்டால் அந்த மின்னஞ்சல்தான் உங்கள் சாட்சி.

5. நேர்வுகளைத் தேர்ந்தெடுங்கள் (1 வாரம்)

கைவிட்ட நாடுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, “இவை அனைத்திலும் பொருளாதார நெருக்கடி இருந்தது” என்று எழுதுவதுதான் மிகச் சாதாரணமான தவறு. நெருக்கடி வட கொரியாவிலும் இருந்தது. அது 2003-இல் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தை விட்டு விலகி, 2006 அக்டோபர் 9-இல் முதல் குண்டை வெடித்தது. கைவிடாத நாடு ஒன்றாவது பட்டியலில் இல்லாமல் எந்தக் காரணத்தையும் நிறுவ முடியாது.

முதுகலைக்கு இரண்டு நேர்வு, முனைவர் பட்டத்துக்கு மூன்று அல்லது நான்கு. அதற்கு மேல் எடுத்தால் ஒவ்வொன்றிலும் விக்கிப்பீடியா ஆழத்தைத் தாண்ட மாட்டீர்கள். மொழி தெரியாத நாட்டை எடுக்க வேண்டாம். தென்னாப்பிரிக்க அரசுத் தாள்களில் ஆப்பிரிகான்ஸும் வரும். மொழிபெயர்ப்போடு கிடைப்பவை எவை என்று முதலில் பாருங்கள்.

6. ஆவணங்கள்: எங்கே, எவ்வளவு, எத்தனை நாள் (6 முதல் 8 வாரம்)

இலவசமாக, வீட்டிலிருந்தே கிடைப்பவற்றில் தொடங்குங்கள். வாஷிங்டன் வில்சன் மையத்தின் டிஜிட்டல் காப்பகத்தில் தென்னாப்பிரிக்க அணு வரலாற்றுக்கென்றே தனித் தொகுப்பு உண்டு. அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஆவணத் தொகுதிகள் முழுவதும் இணையத்தில் படிக்கலாம். நிகழ்வு நடந்து 30 ஆண்டுக்குள் வெளியிட வேண்டும் என்பது 1991 சட்டம், நடைமுறையில் தாமதமாகும். ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உள்ள தேசியப் பாதுகாப்புக் காப்பகம் அரசு நிறுவனம் அல்ல; தகவல் கேட்டு வாங்கிய தாள்களைச் சேர்த்துவைக்கும் தனி அமைப்பு. பெயரைப் பார்த்து அரசுக் காப்பகம் என்று அடிக்குறிப்பில் போட்டுவிடாதீர்கள். பன்னாட்டு அணுசக்தி முகமை தென்னாப்பிரிக்காவைச் சோதித்து 1993-இல் தந்த அறிக்கையும் இணையத்தில் இருக்கிறது.

பார்த்த ஒவ்வொரு தாளையும் உடனே பதிவிறக்கி, ‘ஆண்டு-மாதம்-நாள்-அனுப்பியவர்-பெற்றவர்’ என்ற வரிசையில் கோப்புக்குப் பெயர் வையுங்கள். இப்படி வைத்தால் கோப்புறை தானே காலவரிசையில் நிற்கும். ஏழாம் படியில் பாதி வேலை மிச்சம். இணையக் காப்பகத்துக்கு நிதி நின்றால் சுட்டியும் நிற்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்திய நேர்வு எடுப்பவர்களுக்கு: தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ தளத்தில் ஸ்கேன் செய்த கோப்புகளைப் பார்க்கலாம். டெல்லி ஜன்பத்தில் நேரில் போவதானால் அடையாள அட்டையோடு துறைத் தலைவரின் கடிதமும் கையில் இருக்கட்டும். கோப்பு எண்களை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் முதல் இரண்டு நாள் அட்டவணையிலேயே போய்விடும். தகவல் உரிமைச் சட்ட மனுவுக்கு 10 ரூபாய், நகலுக்குப் பக்கம் 2 ரூபாய், பதிலுக்கு 30 நாள். 20 ஆண்டு பழைய தகவலைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று 8(3) பிரிவைக் காட்டிப் பலர் மனு எழுதுகிறார்கள். அதே பிரிவு, வெளிநாட்டு உறவையும் பாதுகாப்பையும் சொல்லும் 8(1)(அ) விலக்கை அப்படியே விட்டுவைத்திருக்கிறது. நமக்கு வேண்டியது எல்லாம் அதற்குள்தான் வரும். “இன்ன பொருளில், இன்ன ஆண்டுக் கோப்புகளின் பட்டியல்” என்று கேளுங்கள். உள்ளடக்கத்தைவிடப் பட்டியல் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

அமெரிக்கத் தகவல் சுதந்திரச் சட்டத்தின்படி வெளிநாட்டவரும் மனுப் போடலாம். சட்டம் 20 வேலைநாள் என்கிறது. அதை நம்பி அட்டவணை போட்டவர்கள் தீசிஸ் முடித்த பிறகு பதில் வாங்கியிருக்கிறார்கள். லண்டனின் கியூ பகுதியில் உள்ள பிரிட்டன் தேசியக் காப்பகத்தில் வாசகர் அட்டை இலவசம், சொந்தக் கேமராவில் படம் எடுப்பதும் இலவசம். செலவு விசாவுக்கும் விமானத்துக்கும்தான். முதுகலை மாணவர் இதற்குக் கடன் வாங்க வேண்டாம்.

தென்னாப்பிரிக்காவுக்கே உரிய பொறி ஒன்று உண்டு. குண்டுகள் இருந்ததை டி கிளார்க் வெளியிட்ட 1993 அறிவிப்பை ஒட்டித் திட்ட ஆவணங்களை அழித்துவிட்டார்கள். ஆகவே “இதைப் பற்றி ஆவணமே இல்லை, எனவே இது நடக்கவில்லை” என்ற வாதம் இங்கே செல்லாது. நடந்திருந்தால் தாள் மிஞ்சியிருக்குமா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

7. தேதிகளை அடுக்கிச் சோதியுங்கள் (4 வாரம்)

ஒரு தாளில் நேர்கோடு போட்டு இவற்றை எழுதுங்கள்:

1987 செப்டம்பர்: அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் பற்றிப் பேசத் தயார் என்று அதிபர் போத்தா அறிவிக்கிறார்.
1988 டிசம்பர் 22: அங்கோலாவிலிருந்து க்யூபப் படை விலக நியூயார்க்கில் உடன்படிக்கை.
1989 ஆகஸ்ட்: போத்தா விலகுகிறார். செப்டம்பரில் டி கிளார்க் அதிபராகப் பதவியேற்கிறார்.
1989 நவம்பர் 9: பெர்லின் சுவர் விழுகிறது. ஆண்டு இறுதிக்குள், குண்டுக்கான யுரேனியத்தைச் செறிவூட்டும் ஆலையை மூட முடிவு.
1990 பிப்ரவரி 2: ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் மீதான தடை நீக்கம். 11-இல் மண்டேலா விடுதலை.
1990 பிப்ரவரி 26: குண்டுகளைப் பிரிக்க எழுத்து உத்தரவு.
1991 மே: கடைசி க்யூப வீரர் அங்கோலாவை விட்டுப் போகிறார்.
1991 ஜூலை 10: தென்னாப்பிரிக்கா தடை ஒப்பந்தத்தில் சேர்கிறது.
1993 மார்ச் 24: நாடாளுமன்றத்தில் டி கிளார்க் எல்லாவற்றையும் வெளியிடுகிறார்.

இப்போது ஒவ்வொரு விளக்கத்தையும் இந்தக் கோட்டின் மேல் வைத்துப் பாருங்கள். ஆபத்து குறைந்ததுதான் காரணம் என்றால், உடன்படிக்கை ஆனபின் போத்தா எட்டு மாதம் நாற்காலியில் இருந்தாரே, ஏன் ஒரு குண்டையும் பிரிக்கவில்லை? விளக்கம் சாகவில்லை, ஆனால் அது மட்டும் போதாது. தலைவர்தான் காரணம் என்றால் 1987-இல் போத்தாவே ஏன் கதவைத் திறந்துகாட்டினார்? அங்கேயும் ஓட்டை.

வாரிசு அச்சம் தேதியளவில் கச்சிதமாகப் பொருந்துகிறது: காங்கிரஸ் மீதான தடையை நீக்கிய 24-ஆம் நாள் உத்தரவு. இங்கே மயங்கிவிடாதீர்கள். பிரித்த குண்டுகளிலிருந்து எடுத்த செறிவூட்டிய யுரேனியத்தை நாட்டை விட்டு அனுப்பவில்லை. பன்னாட்டு அணுசக்தி முகமையின் கண்காணிப்பில், உள்நாட்டு அணு ஆய்வு மையம் இருக்கும் பெலிண்டாபாவிலேயே வைத்தார்கள். 1994-இல் வந்த புதிய அரசிடம் அப்படியே போய்ச் சேர்ந்தது. நான்காம் படியில் எழுதிய “பொருளும் கிடைக்காதபடி” என்ற வரி இங்கே வேலை செய்கிறது. அச்சம் பங்கு வகித்திருக்கலாம், முழுச் சுமையையும் அது தாங்காது.

உலகத்துக்குத் திரும்பும் தேவை பற்றியும் ஒரு தூண்டில் இருக்கிறது. 1991 ஜூலை 10 அன்றே அமெரிக்காவும் 1986 நிறவெறி எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் போட்ட தடைகளை நீக்கியது. ஒரே நாள்! கண்டதும் கை துறுதுறுக்கும். ஆனால் அந்தத் தடைகளை விலக்கச் சட்டம் வைத்த 5 நிபந்தனைகளும் அரசியல் கைதிகள், நெருக்கடிநிலை, நிறவெறிச் சட்டங்கள், பேச்சுவார்த்தை போன்றவை பற்றியவை. குண்டு அவற்றில் இல்லை. ஒரே தேதியில் விழுந்தது எல்லாம் காரண காரியம் ஆகாது.

டி கிளார்க்கின் 1993 உரையை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். ஆபத்து குறைந்ததையே அவர் காரணமாகச் சொல்கிறார். சொன்னபோது அவர் அதிகாரப் பங்கீட்டுப் பேச்சுவார்த்தையின் நடுவில் இருந்தார்; “உங்கள் கையில் போகக் கூடாது என்று உடைத்தோம்” என்று எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் எந்த அரசியல்வாதி சொல்வார்? உரையைச் சான்றாக எடுங்கள். முடிவெடுத்த காலத்துத் தாளுக்கு அதன் பக்கத்தில் இரட்டை எடை கொடுங்கள்.

8. கோட்பாட்டை எழுதுங்கள், பிறகு கடினமான நாட்டில் மோதவிடுங்கள் (4 வாரம்)

மேலே பார்த்ததிலிருந்து வருவது என் கணிப்பில் இது: ஆபத்து விலகுவது தேவை, போதுமானதல்ல, உலகச் சந்தைக்கும் சபைக்கும் திரும்பாமல் தன்னால் நிலைக்க முடியாது என்று நம்பும் தலைமை ஆட்சிக்கு வரும்போதுதான் குண்டு உடைபடும். எழுதியதும் குதிக்காதீர்கள். அரசியல் அறிஞர் எடெல் சோலிங்கன் இதே திசையில் பல ஆண்டுகளாக வாதாடி வருகிறார். கமிட்டியில் யாராவது நிச்சயம் கேட்பார்கள். அவர் சொன்னதற்கும் நீங்கள் சொல்வதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு வரியில் தயாராக வைத்திருங்கள்.

அடுத்து, கோட்பாட்டை எளிய நேர்வில் சோதித்து மதிப்பெண் போட்டுக்கொள்ள வேண்டாம். வட கொரியா இதற்குப் பொருந்தும் என்பது யாருக்கும் வியப்பில்லை. பிரிட்டனையும் பிரான்ஸையும் எடுங்கள். 1991-இல் சோவியத் ஆபத்து போயிற்று, இரண்டும் உலகச் சந்தையில் மூழ்கியவை, இரண்டும் குண்டை வைத்திருக்கின்றன. அப்படியானால் கோட்பாடு விழுந்ததா?

“இந்த இரண்டுக்கும் பொருந்தாது” என்று எழுதித் தப்பிப்பது ஏமாற்று. எல்லையைச் சங்கிலியிலிருந்தே எடுக்க வேண்டும். உலகத்துக்குத் திரும்பும் கதவைக் குண்டு அடைக்கிறது என்பதால்தான் அதை விட்டார்கள் என்கிறது நமது சங்கிலி. 1967 ஜனவரி 1-க்கு முன் வெடித்த நாடுகளைத் தடை ஒப்பந்தமே அணு ஆயுத நாடுகளாக ஏற்றுக்கொள்கிறது. பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் கதவு அடைபடவே இல்லை. எனவே எல்லை: குண்டு வைத்திருப்பதற்கு வெளியுலகம் விலை வசூலிக்கும் நாடுகளுக்கு மட்டும். இது ஒட்டுப் போட்டது அல்ல, உள்ளேயிருந்து வந்தது.

ஆனால் இந்த எல்லை ஒரு புதுக் கணிப்பையும் தருகிறது. விலையை யாராவது தள்ளுபடி செய்தால் குண்டு நிலைக்கும். தடை ஒப்பந்தத்தில் சேராத இந்தியாவுக்கு அணுப் பொருள் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் நாடுகளின் அமைப்பான அணுசக்தி வழங்குநர் குழு 2008 செப்டம்பர் 6-இல் விலக்கு அளித்தது. குண்டை விடாமலே கதவு திறந்தது. தென்னாப்பிரிக்காவை வைத்துத் திருத்திய கோட்பாட்டைத் தென்னாப்பிரிக்காவிலேயே மறுபடி சோதிக்க முடியாது என்பதால், அடுத்த அத்தியாயத்துக்கு இந்த நேர்வை எடுங்கள். இஸ்ரேலைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆபத்து விலகியதா என்பதைக் குறிக்கவே இரண்டு மாதம் வாதாட வேண்டியிருக்கும். சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்) கொடுக்கும் கெடு தேதிக்குள் அது முடியாது.